"புற ஊதா ஒளியில் 30 நிமிடம்" போதாது: திரவப் படிக ஆய்வுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
பலபடியால் (பாலிமரால்) நிலைப்படுத்திய திரவப் படிக ஆய்வை வழிநடத்தும் நெறியாளர்கள், முனைவர் பட்ட ஆலோசனைக் குழுவினர், ஆய்வேட்டுத் தேர்வாளர்கள், ஆய்வகக் கருவிகளுக்கு நிதி ஒதுக்கும் அலுவலர்கள்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். மின்சாரத்தால் தெளியவும் மறைக்கவும் செய்யும் கண்ணாடி, திரை போன்றவற்றுக்கான இந்தத் துறையில் எழுதப்படும் ஆய்வேடுகள் பலவற்றில் கலவையின் விகிதம் தசம எண்ணோடு இருக்கிறது. மின்னழுத்த வரைபடம் ஐந்தாறு வண்ணங்களில் இருக்கிறது. அந்தக் கலவை எப்படி ஒரு பொருளாக மாறியது என்பதற்கு மட்டும் ஒரே வரிதான்: "செல்லைப் புற ஊதா ஒளியில் 30 நிமிடம் வைத்தோம்." செல் என்றால் இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையில் கலவையை நிரப்பிய அமைப்பு. ஒளியின் செறிவு என்ன, எந்த அலைநீளம், செல் அப்போது எத்தனை டிகிரியில் இருந்தது, எந்தப் பக்கமிருந்து ஒளி விழுந்தது, மின்னழுத்தம் இருந்ததா என்று தேடினால் கிடைப்பதில்லை. இன்னொரு ஆய்வகம் அதே கலவையை எடுத்துச் செய்தால் அதே செல் வராது. பெரும்பாலும் அதே ஆய்வகத்தில் அடுத்த ஆண்டு சேரும் மாணவருக்கே வராது.

ஆகவே எங்கள் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். செல்லின் இடத்தில் அளந்த ஒளிச்செறிவு, செல்லின் வெப்பநிலை, அளந்த செல் இடைவெளி (இரு கண்ணாடிகளுக்கு இடையிலான தூரம்), க்யூரிங் (ஒளியால் பலபடியாக்கும்) நேரத்தில் இருந்த மின்புலம் ஆகிய நான்கும் எண்ணாக எழுதப்படாத ஆய்வேட்டைத் திருப்பி அனுப்புங்கள். அந்த நான்கையும் அளக்கத் தேவையான சிறு கருவிகளைப் பெரிய நுண்ணோக்கிக்கு முன்பாக வாங்கிக் கொடுங்கள்.

இது வெறும் நடைமுறைக் கண்டிப்பு அல்ல. பொருளின் இயல்பே இப்படி. திரவப் படிகத்தில் எடையில் 10 விழுக்காட்டுக்கும் குறைவாக, பெரும்பாலும் 1 முதல் 5 விழுக்காடு வரை, ஒளியில் ஒன்றோடொன்று இணைந்து பலபடியாகும் சிறு மூலக்கூறான மோனோமரைக் கரைக்கிறோம். மூலக்கூறுகள் ஒரு திசையில் அணிவகுத்து நிற்கும்போதே புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் அந்த அணிவகுப்பின் அச்சிலேயே மெல்லிய பலபடி வலை உருவாகிறது. மின்புலம் போட்டால் வலைக்கு இடையில் உள்ள திரவப் படிகம் திரும்பும், வலை திரும்பாது. புலத்தை எடுத்ததும் வலை அதைப் பழைய திசைக்கு இழுத்து வந்துவிடும். பிலிப்ஸ் ஆய்வகத்தில் ஹிக்மெட் 1990இல் இத்தகைய ஜெல்களில் மின்புலத்தால் ஒளிச்சிதறலை உண்டாக்கிக் காட்டினார். அமெரிக்காவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் யாங், சியன், டோன் ஆகியோர் 1990களின் தொடக்கத்தில் கொலஸ்டெரிக் (மூலக்கூறுகள் திருகுபோல் அடுக்கிய) திரவப் படிகத்தில் இதே வழியில் ஒளியை மறைக்கும், விடுக்கும் செல்களைச் செய்தார்கள்.

கட்டடங்களில் இப்போது பொருத்தப்படும் மின்மறைப்புக் கண்ணாடிகளில் பெரும்பாலானவை இதன் உறவுப் பொருளால் ஆனவை. அவற்றில் பலபடி பாதியளவுக்குக்கூட இருக்கும். திரவப் படிகம் அதற்குள் ஒரு மைக்ரான் அளவுத் துளிகளாகச் சிறைப்பட்டிருக்கும். மின்சாரம் இருந்தால்தான் கண்ணாடி தெளியும். நேராகப் பார்த்தால் தெளிவாகவும் சாய்வாகப் பார்த்தால் பனிமூட்டமாகவும் தெரியும். காரணம், பலபடியின் ஒளிவிலகல் எண்ணும் துளியின் ஒளிவிலகல் எண்ணும் நேர்ப் பார்வைக்கு மட்டுமே பொருந்துகின்றன. நாம் பேசும் வலைச் செல்லில் பலபடி கொஞ்சம்தான், அதுவும் திரவப் படிகத்தைப் போலவே அணிவகுத்தது. எனவே சாய்வாகப் பார்த்தாலும் தெளிவு குறையாது. மின்சாரம் போனால் கண்ணாடி தெளிவாகவே நிற்கும்படியும் செய்யலாம். வாகனக் கண்ணாடிக்கு இது உயிர் காக்கும் குணம். மருத்துவமனைத் தடுப்புக்கு நேர்மாறாக, மின்சாரம் போனால் மறைக்கும் கண்ணாடிதான் வேண்டும்.

இனி மடலின் நடுப்பகுதி. 5 விழுக்காடு மோனோமர் என்று எழுதிவிட்டால் வலை இன்னதென்று தெரிந்துவிடாது. ஒரே பாலில் ஒரே உறையை ஊற்றினாலும் வைத்த சூட்டைப் பொறுத்துத் தயிர் வேறாக உறையும். இங்கேயும் அப்படித்தான். ஒளிச்செறிவு கூடினால் ஒரே நேரத்தில் நிறைய இடங்களில் சங்கிலி தொடங்கும், வலை நெருக்கமாகி அதன் கண்கள் சிறுக்கும். வெப்பநிலை கூடினால் மோனோமர் அதிக தூரம் நகர்ந்து சேரும், கண்கள் பெரிதாகும். கண்ணின் அளவு மாறினால் மூன்றும் மாறுகின்றன: தேவைப்படும் மின்னழுத்தம், அணைத்ததும் மீளும் நேரம், சிதறும் ஒளியின் அளவு. மீளும் நேரம் தோராயமாகக் கண் அளவின் வர்க்கத்தைப் பின்தொடரும். அகச்சிவப்பு ஒளியின் கட்டத்தை (அலையின் நிலையை) மாற்றும் கருவிகளுக்கு மிக நெருக்கமான வலையைத் தேடிப் போவது இதற்காகவே. ஒரு மில்லிநொடிக்கும் குறைவான நேரம் கிடைக்கும், ஆனால் அதற்கு விலையாக மின்னழுத்தம் ஏறும்.

இங்கே ஒரு பிழை திரும்பத் திரும்ப நடக்கிறது. "மொத்த ஆற்றல் ஒன்றுதானே" என்று செறிவையும் நேரத்தையும் இடம் மாற்றிவிடுகிறார்கள். சதுர செ.மீ.க்கு 1 மில்லிவாட் வீதம் 30 நிமிடம் என்றால் 1.8 ஜூல். 10 மில்லிவாட் வீதம் 3 நிமிடம் என்றாலும் அதே 1.8 ஜூல். ஆனால் எளிய நிலையில் பலபடியாகும் வேகம் செறிவின் வர்க்கமூலத்தைத்தான் பின்பற்றுகிறது. செறிவு 10 மடங்கு ஏறினால் வேகம் சுமார் 3 மடங்குதான் ஏறும், நேரமோ பத்தில் ஒரு பங்காகிவிட்டது. இரண்டாவது செல்லில் மோனோமர் மீதம் நிற்கும் வாய்ப்பு அதிகம். வலையின் கண்ணும் வேறு. ஆற்றலை மட்டும் எழுதிய ஆய்வேட்டிலிருந்து இந்த இரண்டு செல்களையும் பிரித்தறிய முடியாது. செறிவையும் நேரத்தையும் தனித்தனியே கேளுங்கள்.

எதை எதிர்பார்க்கிறோம் என்பது தெளிவாக, முழுமையாக எழுதப்பட்ட ஒரு செய்முறையை இங்கே தருகிறோம். மின்சாரம் இல்லாதபோது தெளிவாகவும் போட்டால் மறைப்பாகவும் இருக்கும் 10 மைக்ரான் செல். அடிப்படைத் திரவப் படிகம் ஈ7, மோனோமர் ஆர்எம்257, ஒளி பட்டதும் இணைப்பைத் தொடங்கிவைக்கும் ஒளித்துவக்கி இர்காக்யூர் 651, அணிவகுப்பைத் திருகுபோல் சுழலவைக்கும் முறுக்குப் பொருள் ஆர்1011.

மொத்தம் 1 கிராம் கலவைக்கு ஒளித்துவக்கி 1 மில்லிகிராம்தான் தேவை. 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசில் அதை நேராக நிறுத்தால் பத்தில் ஒரு பங்கு பிழை தொடக்கத்திலேயே வந்துவிடும். அதனால் முதலில் தாய்க்கலவை. 20 மி.கி. ஒளித்துவக்கியை 980 மி.கி. ஈ7இல் கரைத்தால் 2 விழுக்காட்டுக் கலவை. முறுக்குப் பொருள் 30 மி.கி.யை 970 மி.கி. ஈ7இல் கரைத்தால் 3 விழுக்காட்டுக் கலவை. முதலாவதிலிருந்து 50 மி.கி., இரண்டாவதிலிருந்து 100 மி.கி., ஆர்எம்257 50 மி.கி., தனி ஈ7 800 மி.கி. எல்லாம் சேர்ந்து 1,000. இதில் மோனோமர் 5 விழுக்காடு, ஒளித்துவக்கி 0.1, முறுக்குப் பொருள் 0.3, மீதி 94.6 ஈ7. ஆர்1011இன் முறுக்குத்திறனை மைக்ரானுக்கு 30 என்று கொண்டால் 0.3 விழுக்காட்டில் ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 11 மைக்ரான் தூரம் ஆகும். இந்தத் திறன் அடிப்படைத் திரவப் படிகத்தைப் பொறுத்து மாறுவது, எனவே ஆப்பு வடிவச் செல்லில் அளந்து எழுதவேண்டும். பொருள் விற்றவர் கொடுத்த தாளைப் பார்த்து எழுதுவது போதாது. முறுக்கே இல்லாமல் செய்தால் செல் ஒளியின் ஒரு முனைவாக்கத்தை (அதிர்வுத் திசையை) மட்டும் சிதறடிக்கும், மற்றது நேராகக் கடந்துபோகும். கண்ணால் பார்த்தால் அரைகுறை மறைப்பு.

கலக்கும் அறையில் மஞ்சள் விளக்கு. குப்பிக்கு அலுமினியத் தாள் சுற்று. ஈ7 சுமார் 60 டிகிரியில் தெளியும் (அணிவகுப்புக் குலைந்து சாதாரணத் திரவமாகும்), ஆகவே 70 டிகிரியில் வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் கலக்கினால் போதும். சூட்டில் மணிக்கணக்கில் விட்டால் மோனோமர் தானாகவே இணையத் தொடங்கலாம். சிலர் டைகுளோரோமீத்தேனில் கரைத்துப் பிறகு ஆவியாக்குகிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் கரைப்பான் மிச்சம் இருந்தால் தெளியும் வெப்பநிலை இறங்கிவிடும். ஒவ்வொரு கலவையின் தெளியும் வெப்பநிலையையும் நுண்ணோக்கியின் சூடேற்றும் மேடையில் அளந்து குப்பியின் மேலேயே எழுதி ஒட்டச் சொல்லுங்கள். ஒரு டிகிரி இறக்கம் தெரிந்தாலும் அந்தக் கலவையை உபயோகிக்கக் கூடாது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த குப்பியை அறையின் சூட்டுக்கு வந்தபிறகே திறக்கவேண்டும். நம் கடற்கரை ஊர்களின் ஈரப்பதத்தில் உடனே திறந்தால் உள்ளே தண்ணீர் படியும், தண்ணீரோடு அயனிகளும் வரும்.

ஐடிஓ (மின்சாரத்தைக் கடத்தும் ஒளிபுகு படலம்) பூசிய கண்ணாடியைச் சோப்பு நீர், அயனி நீக்கிய நீர், ஐசோபுரோப்பனால் என்ற வரிசையில் அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவி, உலர்த்தி, மூலக்கூறுகளை அணிவகுக்க வைக்கும் பாலிஇமைடை நிமிடத்துக்கு 3,000 சுற்றில் 30 நொடி சுழற்றிப் பூசவேண்டும். 80 டிகிரியில் முதற்சூடு, பிறகு அந்தப் பாலிஇமைடு கேட்கும் சூட்டில், பொதுவாக 180 முதல் 230 டிகிரிக்குள், ஒரு மணி நேரம். வெல்வெட் துணியால் ஒரே திசையில் தேய்த்து, இரண்டு கண்ணாடியின் தேய்ப்புத் திசையும் எதிரெதிராக வரும்படி 10 மைக்ரான் சிலிக்கா மணிகள் வைத்து ஒட்டவேண்டும்.

ஒட்டியபின், நிரப்பும் முன், இடைவெளியை அளப்பதுதான் நடுவில் விட்டுப்போகும் படி. 10 மைக்ரான் மணி போட்டால் 10 மைக்ரான் செல் வருவதில்லை. ஒரு தூசி இருந்தால் 12 வரும், அழுத்திப் பிடித்தால் நடுவில் குழிந்து 9 வரும். வெற்றுச் செல்லை நிறமாலைமானியில் வைத்தால் இடைவெளிக் காற்றில் குறுக்கீட்டு அலைகள் தெரியும். 10 மைக்ரான் செல்லில் 600 நானோமீட்டர் அருகே அடுத்தடுத்த முகடுகளுக்கு இடையே சுமார் 17.5 நானோமீட்டர் இருக்கும். கல்லூரி ஆய்வகத்திலும் இருக்கிற கருவிதான், ஒரு செல்லுக்கு ஐந்து நிமிட வேலை. முறுக்கை அவிழ்க்கத் தேவையான மின்புலம் மைக்ரானுக்கு இத்தனை வோல்ட் என்ற கணக்கு. இடைவெளி 12 ஆனால் மின்னழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். "மோனோமரைக் கூட்டியதால் மின்னழுத்தம் 20 விழுக்காடு ஏறியது" என்று எழுதியிருக்கும் இடத்தில் தேர்வாளர் கேட்கவேண்டிய முதல் கேள்வி, அந்த இரண்டு செல்லின் இடைவெளியும் அளந்தது எவ்வளவு என்பதுதான்.

நிரப்புவது 70 டிகிரியில், கலவை முழுத் திரவமாக இருக்கும்போது. நெமாட்டிக் (மூலக்கூறுகள் ஒரே திசையில் அணிவகுத்த) நிலையில் நிரப்பினால் ஓட்டத்தின் திசையே அணிவகுப்பாகப் பதிந்துவிடும். பிறகு நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் குளிரவிட்டு, குறுக்குப் போலராய்டுகளுக்கு நடுவே வைத்துப் பார்க்கவேண்டும். ஒரு கோடு, ஒரு நூல் போன்ற குறை தெரிந்தாலும் மறுபடி சூடேற்றிக் குளிரவிடலாம். க்யூரிங் ஆனபிறகு அந்த வாய்ப்பு இல்லை. அப்போது இருக்கும் குறை வலைக்குள் நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

ஒளி: 365 நானோமீட்டர் எல்இடி, செல்லின் இடத்தில் சதுர செ.மீ.க்கு 1 மில்லிவாட், 30 நிமிடம், செல்லின் வெப்பநிலை 25 டிகிரி, மின்னழுத்தம் இல்லை. "செல்லின் இடத்தில்" என்றால், அதேபோல் ஐடிஓவும் பாலிஇமைடும் பூசிய ஒரு வெற்றுக் கண்ணாடியை மேலே வைத்து, அதன் அடியில் மீட்டரின் உணர்வியை வைத்து அளந்த எண். விளக்கின் பெட்டியில் அச்சிட்ட வாட் எண் இதற்கு ஈடாகாது. லக்ஸ் மீட்டர் புற ஊதாவுக்கு உதவாது. எல்இடி சூடேற ஏற அதன் வெளிச்சம் இறங்கும், ஆகவே பத்து நிமிடம் எரியவிட்டு அளக்கவேண்டும். முடிவிலும் ஒருமுறை அளந்து இரண்டு எண்ணையும் எழுதவேண்டும். பழைய பாதரச விளக்கை வைத்திருப்பவர்கள் 320 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளியை வடிகட்டவேண்டும். அது ஈ7இல் உள்ள சயனோபைஃபினைல் மூலக்கூறுகளையே சிதைக்கும். அந்த விளக்கின் சூடு செல்லையும் சேர்த்துச் சூடேற்றுவதால் வெப்ப இணையை (வெப்பநிலை உணரும் கம்பியை) செல்லின் கண்ணாடியிலேயே ஒட்டவேண்டும். மேடையின் திரையில் தெரியும் வெப்பநிலையை எடுத்து எழுதக் கூடாது.

வெப்பநிலையைப் பற்றி நம் ஊருக்கென்றே ஒரு வார்த்தை. "அறை வெப்பநிலையில் க்யூரிங் செய்தோம்" என்பதைத் தயவுசெய்து இனி ஏற்கவேண்டாம். குளிரூட்டி ஓடாத அறையில் மே மாதம் 35 டிகிரி சாதாரணம். 5சிபி என்ற மிகப் பரவலான திரவப் படிகம் தெளிந்து சாதாரணத் திரவமாவது அதே 35 டிகிரியில்தான். மோனோமர் கரைந்த கலவையில் அந்த எல்லை கொஞ்சம் நகர்ந்தாலும், க்யூரிங் விளிம்பில் நடக்கிறது என்பது மாறாது. முழுத் திரவ நிலையில் உருவான வலைக்கு அணிவகுப்பே கிடையாது. குளிர்ந்தபிறகு செல் பால்போல் நிற்கும். ஜனவரியில் வந்த முடிவு மே மாதம் வராமல் போவதைப் பொருளின் புதிர் என்று நினைத்து மாதக்கணக்கில் தேடும் மாணவருக்குத் தேவைப்படுவது ஒரு வெப்பநிலைக் கட்டுப்பாட்டு மேடை. அதோடு ஒரு யுபிஎஸ். க்யூரிங் நடுவில் மின்சாரம் போய்த் திரும்பிய செல்லைக் கழித்துவிடவேண்டும். பாதி உருவான வலை இருட்டில் என்ன செய்தது என்று யாராலும் சொல்லமுடியாது.

செல்லின் விளிம்பில் அளக்கக் கூடாது. நிரப்பும் வாயில் காற்றின் ஆக்ஸிஜன் பலபடியாவதைத் தடுக்கும். சில மில்லிமீட்டர் உள்ளே போய்த்தான் வலை சரியாக இருக்கும். வாயைப் புற ஊதாப் பசையால் க்யூரிங்குக்கு முன்பே அடைத்தால், பசைக்குக் காட்டிய ஒளி உள்ளே கசிந்து கலவையை அரைகுறையாக இணைத்துவிடும். இணையாத பசை திரவப் படிகத்தில் கரையவும் செய்யும். பக்கங்களைச் சூட்டில் இறுகும் எப்பாக்ஸியால் முன்கூட்டியே ஒட்டிவிட்டு, வாயைக் கடைசியில், செல்லை அலுமினியத் தாளால் மூடிக்கொண்டு அடைப்பதே நல்லது. விளக்கைப் பார்த்திருந்த பக்கம் எது என்று கண்ணாடியில் வைரமுனையால் ஓர் அடையாளம் போடவேண்டும். ஒளி உள்ளே போகப் போகக் குறைவதால் விளக்குப் பக்கம் வலை அடர்த்தியாகவும் மறுபக்கம் தளர்வாகவும் வரலாம். மின்முனைகளை மாற்றிப் போட்டால் செல் வேறுவிதமாக நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அளவீட்டில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறோம், ஏனென்றால் இந்தத் துறையின் ஒப்பீட்டு அட்டவணைகள் பலவும் இந்த ஒன்றால் பயனற்றுப் போகின்றன. ஒளியைச் சிதறடிக்கும் செல்லின் "கடத்தல்", அதாவது கடந்து வரும் ஒளியின் பங்கு, உணர்வி எவ்வளவு கோணத்து ஒளியைப் பிடிக்கிறது என்பதைப் பொறுத்தது. 10 மில்லிமீட்டர் துளையை 300 மில்லிமீட்டர் தள்ளி வைத்தால் பிடிபடும் அரைக்கோணம் 1 டிகிரிக்கும் சற்றுக் குறைவு. அதே துளையை 30 மில்லிமீட்டரில் வைத்தால் 9 டிகிரிக்கும் மேல். முன்பக்கமாகச் சிதறிய ஒளியில் பெரும்பகுதி இரண்டாவது அமைப்பில் உணர்விக்குள்ளேயே விழுந்து "கடந்த ஒளி"யாகக் கணக்காகும். செல் ஒன்றுதான், ஆனால் மாறுபாட்டு விகிதம் (தெளிவு நிலையிலும் மறைப்பு நிலையிலும் கடக்கும் ஒளியின் விகிதம்) பல மடங்கு வேறுபடும். கோணம் எழுதாத மாறுபாட்டு விகிதத்தை அட்டவணையில் சேர்க்கவே கூடாது. கண்ணாடிப் படலங்களுக்குப் பனிமூட்ட அளவு என்று தொழில்துறை சொல்வது 2.5 டிகிரிக்கு மேல் விலகிய ஒளியின் பங்கு. ஆய்வேட்டில் அந்த எண்ணும் இருந்தால் தொழிற்சாலையில் இருப்பவர் அதைப் படித்துப் பயன்படுத்த முடியும்.

மின்னழுத்தத்தை ஏற்றும்போதும் இறக்கும்போதும் அளந்த இரண்டு கோடுகளும் வேண்டும். வலை உள்ள செல்லில் இரண்டும் ஒன்றாக வருவதில்லை. அந்த வேறுபாடும் வலையைப் பற்றிச் சொல்லும் எண். 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை கொடுத்தால், அதில் கலந்துள்ள நேர்மின்னழுத்தத்தை (திசை மாறாத டிசி பகுதியை) மல்டிமீட்டரில் பார்த்துச் சுழியாக்கவேண்டும். இல்லையென்றால் ஒளித்துவக்கியின் மிச்சமும் ஈரத்தோடு வந்த அயனிகளும் ஒரு பக்கம் குவிந்து கோட்டையே நகர்த்திவிடும். விதிவிலக்கு உண்டு. எதிர்மறை மின்கடத்தாத் திசைவேறுபாடு கொண்ட (மூலக்கூறுகள் மின்புலத்துக்குக் குறுக்காகத் திரும்பும்) கொலஸ்டெரிக்கில் பலபடி வலையைச் செய்து, நேர்மின்னழுத்தத்தால் அதன் பிரதிபலிப்பு நிறப்பட்டையை அகலமாக்குகிறார்கள். அங்கே வலையில் சிக்கிய அயனிகள்தான் வலையை இழுத்து வேலையைச் செய்கின்றன. அந்த ஆய்வில் ஒளித்துவக்கியின் அளவு ஒரு துணைக்குறிப்பாக இருக்க முடியாது, முதன்மை மாறியாகவே வரவேண்டும்.

மோனோமர் முழுதும் செலவானதா என்று பார்க்க 1,635 செ.மீ.⁻¹ அலைஎண்ணருகே உள்ள அகச்சிவப்புப் பட்டையைப் பாருங்கள் என்று எல்லாரும் எழுதுவார்கள். ஜன்னல் கண்ணாடியால் செய்த செல் அந்த இடத்தில் ஒளியை விடாது. கால்சியம் ஃபுளோரைடு தகடு வேண்டும். 810 செ.மீ.⁻¹ அருகே உள்ள மற்றொரு பட்டைக்கு அதுவும் போதாது, பொட்டாசியம் புரோமைடு வேண்டும். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்துக்கும் ஓர் எச்சரிக்கை: திரவப் படிகத்தை ஹெக்ஸேனில் ஊறவைத்துக் கழுவி எடுத்தபின் உலரும்போது வலை சுருங்கிச் சாய்ந்துவிடும். படத்தில் அளந்த கண் அளவு செல்லுக்குள் இருந்த அளவு அல்ல. அழகான படம் ஒன்று இருப்பதால் மட்டும் வலையின் அமைப்பு நிறுவப்பட்டதாகத் தேர்வாளர்கள் கொள்ளவேண்டாம்.

இத்தனை கண்டிப்பும் ஆய்வகத்தோடு முடிகிற விஷயமென்றால் மடல் எழுதியிருக்க மாட்டோம். செங்குத்து அணிவகுப்பு கொண்ட தொலைக்காட்சித் திரைகளில் பலபடி ஏற்கெனவே வேலை செய்கிறது. 2004இல் ஃபுஜிட்சுவைச் சேர்ந்த ஹனாவோகாவும் உடனிருந்தோரும் அறிவித்த முறை அது. திரவப் படிகத்தில் சுமார் 0.1 முதல் 0.5 விழுக்காடு மோனோமர் மட்டும் சேர்த்து, மின்னழுத்தம் போட்டுச் சாய்த்த நிலையிலேயே புற ஊதா காட்டினால், இரு பரப்பிலும் மெல்லிய பலபடி படிந்து அந்தச் சாய்வு நிலைத்துவிடும். அடுத்தமுறை மின்னழுத்தம் வந்தால் எந்தப் பக்கம் சாயவேண்டும் என்று மூலக்கூறு தயங்குவதில்லை. திரையின் வேகமும் வெளிச்சமும் கூடும். அங்கே ஒளித்துவக்கி சேர்ப்பதில்லை, அதன் மிச்சம் அயனியாகி மின்னழுத்தத்தைப் பிடித்து வைக்கும் திறனைக் கெடுத்துவிடும் என்பதால். முதல் ஒளி மின்னழுத்தத்தோடு, இரண்டாவது ஒளி மின்னழுத்தமின்றி. இரண்டாவது எதற்கென்றால் மிச்ச மோனோமரைத் தீர்ப்பதற்கு. தீராமல் விட்டால் பார்த்துக்கொண்டிருக்கும் படத்தின் நிழல் திரையில் தங்கிப்போகும். கால் விழுக்காடு மோனோமரைக் கட்டுக்குள் வைத்துத் தொழிற்சாலை திரை செய்கிறது. நம் ஆய்வேடுகள் 5 விழுக்காட்டுக்கே ஒளிச்செறிவை எழுதுவதில்லை.

நீலக்கட்டம் என்ற திரவப் படிக நிலை இன்னும் கடுமையான பரீட்சை. இயல்பாக அது ஓரிரு டிகிரி அகலத்தில் மட்டுமே நிற்கும். 2002இல் ஜப்பானில் கிகுச்சி குழுவினர் பலபடி வலையால் அதை 60 டிகிரிக்கும் மேல் அகலப்படுத்தினார்கள். 2008இல் சாம்சங் 15 அங்குல மாதிரித் திரையைக் காட்டியது. உயர் மின்னழுத்தமும் ஏற்ற இறக்க வேறுபாடும் அதைச் சந்தைக்குப் போகவிடாமல் தடுத்தன. அந்த ஓரிரு டிகிரிக்குள் க்யூரிங் நடக்கவேண்டும் என்பதால், 0.1 டிகிரிக்குள் நிற்காத மேடையில் நீலக்கட்ட ஆய்வைத் தொடங்க அனுமதி தருவது மாணவருக்குச் செய்யும் அநியாயம்.

இந்தியாவுக்கு இந்தத் துறை புதிதல்ல. தட்டு வடிவ மூலக்கூறுகளின் திரவப் படிகம் 1977இல் பெங்களூர் ராமன் ஆய்வு நிறுவனத்தில் எஸ். சந்திரசேகரும் உடனிருந்தோரும் கண்டது. அவர் 1991இல் பெங்களூரிலேயே திரவப் படிகங்களுக்கென்றே ஒரு மையத்தையும் தொடங்கினார். 2021 டிசம்பரில் குறைக்கடத்திகளுக்கும் திரைகளுக்கும் சேர்த்து மத்திய அரசு 76,000 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. திரைத் தொழிற்சாலைக்கு க்யூரிங் எண்களைப் பதிந்து வைத்துப் பழகிய கைகள் வேண்டும், அந்தப் பழக்கம் முனைவர் பட்ட ஆய்வகத்தில்தான் வரவேண்டும்.

நெறியாளர்களுக்கு: ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு பக்கப் பதிவுத்தாள் வையுங்கள். கலவை எண், தெளியும் வெப்பநிலை, வெற்றுச் செல்லின் இடைவெளி மூன்று இடங்களில், ஒளிச்செறிவு தொடக்கத்திலும் முடிவிலும், செல்லின் வெப்பநிலை, மின்புலம், விளக்குப் பக்கம், நேரம். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இந்தத் தாள்கள் அப்படியே வரட்டும், தோற்ற செல்களின் தாள்களும் சேர்ந்தே. எந்த முடிவுக்கும் தனித்தனியாகக் கலந்த மூன்று கலவைகள், ஒவ்வொன்றிலும் மூன்று செல்கள் குறைந்தபட்சம். ஒரே குப்பியிலிருந்து ஒன்பது செல் செய்வது கலக்கும்போது நேர்ந்த பிழையைக் காட்டாது. அளந்த செல்களை ஒரு நாள் அறை வெளிச்சத்தில் வைத்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். கோடு நகர்ந்திருந்தால் மோனோமர் மிச்சம் இருக்கிறது என்று பொருள்.

ஆலோசனைக் குழுவினருக்கு: ஆண்டு மதிப்பாய்வில் புதிய கலவைகளின் எண்ணிக்கையைக் கேட்பதைக் குறையுங்கள். ஒரே கலவையை நான்கு ஒளிச்செறிவில், மூன்று வெப்பநிலையில் செய்து முடித்த மாணவரிடம் பன்னிரண்டு புள்ளிகளும் ஒரு விளக்கமும் இருக்கும். ஐந்து புதிய பொருளை ஒவ்வொரு முறை கலந்து பார்த்தவரிடம் ஐந்து படங்கள்தான் இருக்கும்.

நிதி ஒதுக்குவோருக்கு: 365 நானோமீட்டருக்குத் தரப்படுத்திய ஒளித்திறன் மீட்டர், 0.1 டிகிரியில் நிற்கும் மேடை, 0.01 மில்லிகிராம் வரை காட்டும் தராசு, யுபிஎஸ், மஞ்சள் விளக்குகள். மீட்டரை ஆண்டுக்கொருமுறை தரப்படுத்த அனுப்பும் செலவையும் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள். இவை வந்து சேர்ந்தபின் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு விண்ணப்பம் வந்தால் பரிசீலியுங்கள்.

தேர்வாளர்களுக்கு: வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: "இந்தப் படத்தில் உள்ள செல்லின் இடத்தில் ஒளிச்செறிவு எவ்வளவு, எதை வைத்து அளந்தீர்கள்?" அடுத்த தொகுதி மாணவர்கள் மீட்டரோடு வருவார்கள்.

இப்படிக்கு,
பலபடி–திரவப் படிகச் செல்களைச் செய்தும் அளந்தும் வரும் ஆய்வாளர்கள்